பரணில் கிடப்பதை விற்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் சும்மா கிடக்கும் சாமான்களை ஆன்லைனில் விற்பதை ஒரு பொழுதுபோக்காகவே பத்து வருஷத்துக்கு மேல் செய்து வருகிறேன் என்று போன இதழில் எழுதியிருந்தேன். ஈபே இந்தியாவில் ஆரம்பித்தது, அது 2018-இல் மூடியபிறகு ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழு என்று போய்க்கொண்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பலரும் கேட்டவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, பையன் ஸ்கூல் போக ஆரம்பித்துவிட்டான். மரத் தொட்டில், மூன்று சக்கர சைக்கிள், வாக்கர் எல்லாம் இடத்தை அடைக்கின்றன. பழைய பேப்பர்காரர் மொத்தத்துக்கும் 300 ரூபாய் என்கிறார். ஆன்லைனில் போட்டால் போகுமா? விலை எப்படி வைப்பது? – மயிலாடுதுறை வாசகி

நன்றாகப் போகும் தங்கச்சி. குழந்தைச் சாமான் மாதிரி சீக்கிரம் போகிற பொருள் வேறு இல்லை. குழந்தை ஒரு வருஷம் பயன்படுத்துவதற்கு எதற்குப் புதுசு என்று நினைக்கிற பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பழைய பேப்பர்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் எடைக்குத்தான் எடுப்பார், அவருக்குத் தொட்டிலும் ஒன்றுதான் தகரமும் ஒன்றுதான்.

விலைக்கு வருவோம். நாம் எவ்வளவு கொடுத்து வாங்கினோம் என்பதிலிருந்து ஆரம்பித்தால் தப்பாகிவிடும். வாங்க வருகிறவர் இன்றைக்குப் புதுசு என்ன விலை என்று போனில் பார்த்துவிட்டுத்தான் வருவார். நீங்களும் அதையே பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் அதில் பாதி, கொஞ்சம் அடிபட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்து, பேரம் பேச இருநூறு முந்நூறு கூட்டிப் போடுங்கள். இன்னொரு விஷயம், உங்கள் ஊரில் அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தேடும்போது, மூன்று மாதமாக அப்படியே கிடக்கிற விளம்பரத்தின் விலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விலைக்கு விற்காததால்தானே அது இன்னும் அங்கே இருக்கிறது.

இதைவிட முக்கியமானது, குறையை முதலில் சொல்வது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு டேபிள் டாப் கிரைண்டரை விற்றேன். பத்து நிமிஷம் ஓடினால் பெல்ட் வழுக்கி ஒரு சத்தம் வரும், எங்களுக்குப் பழகிப்போன சத்தம், அதனால் எழுதவில்லை. தாம்பரத்திலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்து, கல்லோடு தூக்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பையில் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "அரிசி போட்டதும் நின்னுடுச்சுங்க" என்றார், அவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அவர் கையில் பை பதிந்திருந்த சிவப்புக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் அதே கிரைண்டரை "பெல்ட் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும், மோட்டாரும் கல்லும் நன்றாக இருக்கின்றன" என்று எழுதி, பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தோடு போட்டேன். இரண்டே நாளில் ஒரு மெக்கானிக் வந்து வாங்கிப் போனார். விலையும் முதலில் சொன்னதைவிட 200 ரூபாய்தான் குறைவு.

அதனால் உங்கள் தொட்டிலுக்கு இப்படி எழுதுங்கள்: "மரத் தொட்டில், எத்தனை வருஷம் பழசு, ஒரு கொக்கி மாற்றியது, இடது கால் பக்கம் கீறல், கழற்றி மாட்டலாம், நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்." நீளம் அகலத்தைக் கட்டாயம் போடுங்கள், ஆட்டோவில் ஏறுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். படத்தைக் காலை வெயிலில், ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். பின்னால் துணிக்கொடி, சுவாமி படம், வீட்டுக் கதவு எண் எதுவும் தெரியக்கூடாது. கீறலை ஒரு பத்து ரூபாய்க் காசு பக்கத்தில் வைத்து எடுத்தால் அதன் அளவு புரிந்துவிடும்.

வாக்கரை மட்டும் விற்காதீர்கள் தங்கச்சி. கனடாவில் 2004-இலேயே அதை விற்பதற்குத் தடை போட்டுவிட்டார்கள், பழசை விற்பதும் அங்கே குற்றம். குழந்தை அதில் உட்கார்ந்துகொண்டு கண் இமைக்கும் நேரத்தில் படிக்கட்டு வரைக்கும் போய்விடும், எட்டாத அடுப்பும் எட்டிவிடும். அதைப் பேப்பர்காரரிடமே போடுங்கள், இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டாம்.

சோபா விற்க விளம்பரம் போட்ட இருபதாவது நிமிஷம் ஒருவர் போன் செய்தார். ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றல் ஆகி வருவதாகவும் சொன்னார். பேரமே பேசவில்லை. கியூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் சார், பணம் வந்துவிடும்" என்றார். வீட்டுக்காரி தடுத்துவிட்டாள். நான் ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டுவிட்டேனோ என்று உறுத்துகிறது. – ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

ஐயா, உறுத்தவே வேண்டாம். அம்மா உங்கள் சேமிப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அவர்களிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. பின் போடுகிறீர்கள் என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். ஸ்கேன் செய்வதும் அப்படித்தான், பணம் கொடுக்கிறவர்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். இது ஒன்று மனதில் பதிந்தால் போதும், எதிரே பேசுகிறவர் என்ன உடுப்பில் படம் அனுப்பினாலும் ஒன்றும் செய்ய முடியாது. ராணுவ அடையாள அட்டை, சீருடை படம், கேன்டீன் கார்டு எல்லாம் அனுப்புவார்கள். நம் ஊரில் பட்டாளத்துக்காரர் மேல் இருக்கிற மரியாதையை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள், எனக்கு இதில்தான் ரொம்பக் கோபம். சிலர் நம்பிக்கை வருவதற்காக முதலில் ஐந்து ரூபாய் உண்மையிலேயே அனுப்பிவிட்டு, அப்புறம்தான் பெரிய தொகைக்கான கியூஆர் கோடு அனுப்புவார்கள்.

முன்பெல்லாம் "பணம் கேட்டு கோரிக்கை" அனுப்பியும் ஏமாற்றினார்கள். தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள். கியூஆர் கோடு விளையாட்டு மட்டும் நிற்கவில்லை.

சோபா மாதிரி பெரிய சாமானை நேரில் பார்க்காமல், பேரம் பேசாமல், சொன்ன விலைக்கே வாங்க நம்மூரில் யார் வருவார்கள்? நான் பார்த்தவரை உண்மையாக வாங்குகிறவர் "உட்கார்ந்தால் குழி விழுமா, மூட்டைப்பூச்சி இருக்குமா, கடைசி விலை என்ன" என்று மூன்று தடவை கேட்பார். அப்படிக் கேட்டால் சலிப்பாக இருக்கும், ஆனால் அவர்தான் வாங்கப்போகிறவர்.

யாராவது ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள், அப்படியே உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைத்து வைத்தவர்களை எனக்குத் தெரியும், அந்த இரண்டு நாளில்தான் பணம் கைமாறிப் போய்விடுகிறது.

பணம் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால் பொருளைக் கொடுக்கலாமா? – திருவாரூர் வாசகர்

கூடாது. வங்கி ஆப்பைத் திறந்து இருப்பு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். "1,000-க்குப் பதில் தவறி 10,000 போட்டுவிட்டேன், மீதியை அனுப்புங்கள்" என்று அழுதுகொண்டே போன் வந்தாலும் முதலில் இருப்பைத்தான் பார்க்க வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸை நம்பாதீர்கள், வங்கி அனுப்பியது போலவே யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து அனுப்பலாம்.

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் இருக்கிறது. டயல் மஞ்சளாகிவிட்டது. புது டயல் போட்டு பாலிஷ் செய்தால் நல்ல விலை வரும் என்கிறார் கடைக்காரர். செய்யட்டுமா? – திருநெல்வேலி வாசகர்

தயவுசெய்து தொடாதீர்கள். இந்த மஞ்சளுக்குத்தான் விலை.

எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அரசு வேலை கிடைத்தால், கல்யாணம் ஆனால், பரீட்சையில் தேறினால் நம் வீடுகளில் கையில் கட்டிவிட்டது அதைத்தான். 2016-இல் வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்த சமயத்தில் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து, உடைந்த வாட்ச்களின் உதிரிகளை ஒன்றுசேர்த்து, டயலில் பளபளவென்று நீலம், சிவப்பு, பச்சை பெயின்ட் அடித்து விற்கிற கூட்டமும் வந்துவிட்டது. அதனால் இன்றைக்கு விஷயம் தெரிந்த ஆள் பளிச்சென்ற டயலைப் பார்த்தாலே ஒதுங்கிவிடுவார். உங்கள் அப்பா கட்டியிருந்த டயலில் வியர்வைக் கறையும், முள் நகர்ந்த இடத்தில் மெல்லிய வட்டமும் இருக்கலாம், ஓரத்தில் எழுத்து லேசாகத் தேய்ந்திருக்கலாம். அதெல்லாம் அது அசல் என்பதற்கான சாட்சி.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பழைய ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியை மட்டும் திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கிற மெஷினைப் படம் எடுங்கள். காலையில் முழுதாகச் சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் விளம்பரத்தில் எழுதினால் வாங்குகிறவருக்கு நீங்கள் நேர்மையான ஆள் என்று அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்து முடித்தபிறகும் விற்க மனசு வந்தால் விற்றுக்கொள்ளுங்கள். காதில் வைத்து அந்த டிக் டிக் சத்தத்தை ஒரு தடவை கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக யூடியூபில் பார்த்தேன். போன் செய்தால் பதிவுக் கட்டணம் 1,500 கேட்கிறார்கள். கட்டலாமா அக்கா? – தருமபுரி வாசகர்

கட்டாதீர்கள் தம்பி, ஒரு பைசா கூடக் கட்டாதீர்கள். பழைய நோட்டு, காசு வாங்க விற்க ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி என்று கேட்கிறார்கள், தாங்கள் அப்படி எந்த வியாபாரத்திலும் இல்லை, யாருக்கும் அதற்கு அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. டிராக்டர் நோட்டு கோடிக்கணக்கில் அச்சாகி நம் எல்லார் கையிலும் புழங்கியது, சாமி உண்டியலில்கூட இன்னும் விழுகிறது. அதற்கு எப்படி லட்ச ரூபாய் வரும்? நம் பொருளை விற்கும்போது நாம்தான் பணம் வாங்க வேண்டும். நம்மிடம் முதலில் பணம் கேட்கிறவர் எவராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

பழைய பைக்கை விற்கப் போகிறேன். வாங்குபவர் "பெயர் மாற்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆர்.சி. புக்கைக் கொடுங்கள்" என்கிறார். – விருதுநகர் வாசகர்

அப்படி விடாதீர்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர். வண்டியை விற்றுக் கைமாற்றிவிட்டேன், பெயர் மட்டும்தான் மாறவில்லை என்று சொன்னவரையே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாக்கி 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வண்டி எங்கோ யாரையோ இடித்தால் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டையும் கையெழுத்துப் போட்டு, விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்துவிட வேண்டும். வெள்ளைப் பேப்பரில் ஒரு டெலிவரி சீட்டு எழுதி, தேதி மட்டும் இல்லாமல் மணியையும் போட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் முதலில் வங்கியின் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்கிவிட்டு வாருங்கள். ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் அவர் வந்த வண்டியின் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பின்னால் ஏறி உட்காருங்கள்.

பழைய போன் விற்கும்போது படங்களை அழித்தால் போதுமா? – சேலம் வாசகி

போதாது. படங்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, வாட்ஸ்அப், வங்கி ஆப், கூகுள் கணக்கு எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, அதற்கப்புறம் போனில் இருப்பதை எல்லாம் அழிக்கிற ரீசெட் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். கூகுள் கணக்கிலிருந்து வெளியேறாமல் ரீசெட் செய்தால், வாங்கியவர் திறக்கும்போது உங்கள் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். *#06# அழுத்தினால் வருகிற, போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி, வாங்கியவர் பெயர், தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த போனை வைத்து யாராவது ஏதாவது செய்தால் கைகாட்ட ஒரு சீட்டு வேண்டும்.

பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடிகள் நான்கு இருக்கின்றன, மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். உடையாமல் எப்படி அனுப்புவது? – காரைக்குடி வாசகி

நான் ஒரு ஜாடியை உடைத்த கதையைச் சொல்கிறேன். ஜாடியைச் சுற்றி நன்றாகத் துணி சுற்றி, ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, கொரியரில் "உடையும் பொருள்" என்று நான்கு பக்கமும் எழுதித்தான் கொடுத்தேன். போய்ச் சேர்ந்தது மூன்று துண்டாக. கொரியர்காரர்கள் பேக்கிங் சரியில்லை என்று கைவிரித்தார்கள். எழுதியதை யாரும் படிப்பதில்லை, மூட்டைக்கு மேல் மூட்டை விழத்தான் விழும் என்று நினைத்தே கட்ட வேண்டும்.

இப்போது நான் கட்டுவது இப்படி. மூடியைத் தனியாக எடுத்துத் தனியாகச் சுற்றுவேன், மூடியோடு அனுப்பினால் ஜாடியை உடைப்பதே அந்த மூடிதான். ஜாடியின் வயிற்றுக்குள் கசக்கிய செய்தித்தாளை இறுக்கித் திணிப்பேன். வெளியே பழைய காட்டன் புடவைத் துணி இரண்டு சுற்று, அதன்மேல் குமிழி போட்ட பிளாஸ்டிக் தாள். பிறகு ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, ஆறு பக்கமும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு அதிலும் பேப்பரை நிரப்புவேன். மூடி டேப் ஒட்டியபின் கையில் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டுவேன். உள்ளே எதுவும் நகர்கிற சத்தம் கேட்டால் திரும்பப் பிரித்துவிடுவேன். நான்கு ஜாடிக்கும் தனித்தனிப் பெட்டி போடுங்கள், ஒன்றாக அனுப்பினால் ஒன்றை ஒன்று மோதும். கட்டும்போது போனில் வீடியோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பும் செலவை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு விலையோடு தனியாகச் சொல்லுங்கள், ஜாடியின் கனத்துக்குச் சில சமயம் விலையைவிடச் செலவு அதிகமாகிவிடும்.

இப்படி விற்கிற பணத்துக்கு வரி உண்டா? – சென்னை வாசகர்

வீட்டில் பயன்படுத்திய துணிமணி, மேஜை நாற்காலி, பாத்திரம் மாதிரியானவற்றை விற்றால் மூலதன ஆதாய வரி, அதாவது விற்றதில் வரும் லாபத்துக்கான வரி, கிடையாது. நகை, ஓவியம், சிற்பம் போன்ற கலைப்பொருட்களுக்கு அந்த விலக்கு இல்லை, தஞ்சாவூர் ஓவியம் விற்பதாக இருந்தால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விற்பதற்கென்றே மொத்தமாக வாங்கி வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபாரம், அதற்கு வேறு கணக்கு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, செப்புத் திருமேனி ஏதாவது வீட்டில் இருந்தால் ஆன்லைன் பக்கமே போகாதீர்கள். தொல்பொருள் சட்டம் 1972-இலிருந்து இருக்கிறது, முதலில் பதிவு செய்வதைப் பற்றி விசாரியுங்கள்.

மாமியாரின் கல்யாணப் பட்டு உட்பட ஆறு பழைய பட்டுப்புடவைகள் இருக்கின்றன. அவர் கட்டுவதில்லை, நானும் கட்டுவதில்லை. தெருவில் வருகிறவர் ஜரிகைக்காக எடைக்குக் கேட்கிறார். ஆன்லைனில் போடலாமா? வீட்டில் லட்சுமி போய்விடும் என்று மாமியார் சொல்வாரோ என்று பயம். – கும்பகோணம் வாசகி

தெருவில் கேட்கிறவர் புடவையை எரித்து ஜரிகையில் இருக்கிற வெள்ளியை எடுப்பார், அதற்கு மட்டும்தான் அவர் காசு தருவார். கட்டக்கூடிய நிலையில் இருக்கிற புடவைக்கு, கட்டுகிற ஆளிடம்தான் விலை கேட்க வேண்டும். பழைய முந்தானை டிசைனுக்காகவே தேடுகிற பெண்கள் இருக்கிறார்கள், நெய்கிறவர்களும் மாதிரிக்காக வாங்குகிறார்கள்.

முதலில் ஒவ்வொன்றையும் பிரித்து, மடிப்புகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டு கிழிவது எப்போதும் மடிப்பில்தான், ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அதைப் படம் எடுத்துப் போட்டுவிட வேண்டும். உள்பக்கம் தொங்குகிற ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் "ஜரிகை சோதிக்கவில்லை" என்றே எழுதிவிடுங்கள். பார்டர், உடல், முந்தானை, பிளவுஸ் பிட் இருக்கிறதா இல்லையா, எல்லாம் தனித்தனிப் படம்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். மாமியாருக்குத் தெரியாமல் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள் தங்கச்சி. ஒரு மத்தியானம், வேலை எல்லாம் முடிந்தபிறகு, ஆறையும் அவர் பக்கத்தில் கட்டிலில் பரப்பி உட்காருங்கள். எது எங்கே எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். சொல்லட்டும், அதில் இரண்டை அவராகவே "யாராவது கட்டட்டும்" என்று தள்ளி வைப்பார். ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்ப மடிக்க ஆரம்பித்தால், அதைப் பற்றி மறுபடி கேட்காதீர்கள்.